‘ஆ’ எழுதிய இருபது பதில்கள்

அழைப்பு மணியின் பொத்தான் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அதுவும் ஒன்றல்ல, குறுக்கும் நெடுக்குமாக நாலு.

“அண்ணி, மணிக்கே இவ்வளவு அடின்னா, உள்ள இருக்கறவங்க கதி என்ன?” என்றான் கொழுந்தன்.

வக்கீலம்மா சிரிக்கவில்லை. விரல் முட்டியால் கதவை மெல்ல இரண்டு தட்டு தட்டினாள். மணி இரண்டரை. ஐந்து மணிக்குள் முடிக்க வேண்டிய வேலை இன்னும் ஆரம்பித்த இடத்திலேயே நின்றது.

கோர்ட்டுக்கு முழுக்குப் போட்டுப் பத்து வருஷம் ஆகியும் அவளை எல்லோரும் வக்கீலம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். துப்பறியும் தொழிலுக்குப் போர்டு மாட்டியபோது கூடவே வந்து ஒட்டிக்கொண்டவன் புருஷனின் தம்பி. அவன் கால் வைத்த ஏழு கம்பெனிகளும் இழுத்து மூடப்பட்டிருந்தன. “எட்டாவது நம்மளது. ரெண்டே பேர். மூடறதுக்கு அதுல என்ன இருக்கு?” என்பது அவன் தைரியம்.

வழக்கு இதுதான். நகரத்துக்குக் குடிநீர் விடும் கழகம் ஒன்று. ஜனங்கள் எழுதும் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுத அங்கே ‘பதில் பிரிவு’ என்று ஒன்பது பேர். அவர்களுக்குப் பதிலாக, எழுதித் தரும் ஏ.ஐ. சாஃப்ட்வேர் ஒன்றை வாங்கிவிடலாம் என்று மேலே யாருக்கோ யோசனை உதித்தது. மூன்று சாஃப்ட்வேர்களைக் கூப்பிட்டு, ஒரே இருபது புகார்களைக் கொடுத்துப் பரீட்சை வைத்தார்கள். பெயரை மறைத்து அ, ஆ, இ என்று எழுத்து மட்டும். பதில்களைப் படித்து மதிப்பெண் போட ஐந்து நடுவர்கள். ‘ஆ’வுக்கு நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு. மற்ற இரண்டும் அறுபதைத் தாண்டவில்லை. ‘ஆ’வையே வாங்கினார்கள்.

வாங்கிய நாளிலிருந்து அது உளற ஆரம்பித்தது. குழாயில் சாக்கடை நாற்றம் வருகிறது என்று எழுதியவருக்கு, ‘தங்கள் ஆர்வத்துக்கு நன்றி’ என்று பதில் போட்டது. பரீட்சையில் சாஃப்ட்வேரை விற்றவன் ஏதோ தில்லுமுல்லு செய்திருக்கிறான், திரைக்குப் பின்னால் ஆள் வைத்து எழுதியிருக்கிறான் என்று கழகத்தின் எம்.டி.க்குச் சந்தேகம். அதை நிரூபித்தால் ஆர்டர் ரத்து, ஒன்பது பேர் வேலையும் தப்பிக்கும். இல்லையென்றால் இன்று மாலை ஐந்து மணிக்கு அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மூன்று நாள் கெடுவில் இது மூன்றாவது நாள்.

கையில் இருந்தது ஒரே ஒரு நூல். பதினாலாவது பதில். ‘எங்கள் ஆட்கள் நாளை காலை பத்து மணிக்கு வருவார்கள். மணியை அடிக்க மாட்டார்கள். கதவை மெல்லத் தட்டுவார்கள்.’ ஐந்து நடுவர்களும் உருகிப்போய் முழு மதிப்பெண் போட்டிருந்தார்கள். ஆனால் சாஃப்ட்வேருக்குக் கொடுத்த புகார் நகலில் பதினோரு வரிகள்தான். மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை. மணியைப் பற்றி இயந்திரத்துக்கு யார் சொன்னது?

கதவு ஒரு சாண் திறந்தது. காலி வாளியோடு ஒரு பெண்.

“தண்ணி ஆபீஸா?”

“இல்லம்மா. நீங்க அவங்களுக்கு எழுதின கடிதத்தைப் பத்திக் கேக்க வந்தோம்.”

“மெதுவா பேசுங்க. அப்பா இப்பதான் கண்ணசந்தார்.”

வக்கீலம்மா குரலை இறக்கினாள். “மணி அடிக்க வேண்டாம்னு அவங்ககிட்ட எப்பவாவது சொன்னீங்களா? போன்ல, நேர்ல?”

“எழுதியே இருந்தேனே! பின்பக்கத்துல.”

“பின்பக்கத்துலயா?”

“முன்பக்கம் பூரா தண்ணி கதையே ஓடிடுச்சு. கையெழுத்துப் போட்டப்புறம்தான் அப்பா ஞாபகம் வந்தது. இதயம் சரியில்ல அவருக்கு. திடீர்னு சத்தம் கேட்டா தூக்கிவாரிப் போடும். அதான் தாளைத் திருப்பி ஒரு வரி சேத்தேன்.” அவள் வாளியைக் கீழே வைத்தாள். “என்ன பிரயோஜனம்? ஆர்வத்துக்கு நன்றின்னு ஒரு காகிதம் வந்தது. அப்புறம் ரெண்டு பேர் வந்து மணியை விடாம அடிச்சாங்க. அப்பா கட்டில்லேருந்து விழுந்துட்டார். இடுப்பு எலும்பு போச்சு. தண்ணி இன்னும் வரல.”

கொழுந்தன் குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான்.

படியிறங்கும்போது வக்கீலம்மாவின் நடையில் வேகம் கூடியிருந்தது. “பரீட்சை பதிலை எழுதினது யாரோ, அவங்க பின்பக்கத்தைப் படிச்சிருக்காங்க. அசல் தாளைக் கையில வச்சுப் படிச்சிருக்காங்க. அது மனுஷக் கைதான் தம்பி. வித்தவன் மாட்டினான்.”

“அப்ப ஒன்பது பேரும் தப்பிச்சாங்க. அண்ணி, எட்டாவது கம்பெனி ராசியானதுதான்.”

கழகத்தின் இரண்டாவது மாடியில், கண்ணாடி அறைக்குள் கணினி மேலாளர் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். வேலைக்குச் சேர்ந்த மூன்று மாதத்தில் முப்பது வருஷத்துக்கான அலுப்பைச் சேர்த்துவைத்திருந்தாள்.

“பின்பக்கமா? அது எந்த சாஃப்ட்வேருக்கும் போகலையே,” என்றாள். “எங்க ஸ்கேனர் ஒரு பக்கம்தான் எடுக்கும். ரெண்டு பக்கமும் எடுக்கறதா வேணும்னு கேட்டேன். பின்பக்கத்துல யார் என்ன பெருசா எழுதப் போறாங்கன்னு எம்.டி. சொல்லிட்டார்.”

“வித்தவங்க அசல் கடிதத்தைப் பாத்திருக்க வாய்ப்பு உண்டா?”

“சான்ஸே இல்ல. இந்தக் கட்டடத்துக்குள்ளயே அவங்க வரல. ஸ்கேன் பண்ணினதை மட்டும் அனுப்பினோம். பதில் வந்தது, பிரிண்ட் எடுத்தோம்.”

வக்கீலம்மா குறிப்பேட்டை மூடினாள். “அசல் எல்லாம் எங்க இருக்கு?”

“பதில் பிரிவு அலமாரில.”

“மூணு சாஃப்ட்வேர் பதிலும் பாத்தா ஒரே மாதிரி இருந்ததே. ஒரே எழுத்து, ஒரே லெட்டர்ஹெட்.”

“ஆமா. எது யாருதுன்னு நடுவர்கள் கண்டுபிடிச்சிடக் கூடாதுல்ல? அதனால அறுபதையும் ஒரே மாதிரி டைப் அடிக்கச் சொன்னோம்.”

“யார்கிட்ட?”

மேலாளர் அவளை விநோதமாகப் பார்த்தாள். “பதில் பிரிவுலதான். இங்க வேற யாருக்கு டைப் அடிக்கத் தெரியும்?”

வெளியே வந்ததும் இருவரும் மாடிப்படியில் இறங்கினார்கள். கொழுந்தன்தான் முதலில் வாயைத் திறந்தான். “அண்ணி, நாம யாரைக் காப்பாத்த வந்தோமோ அவங்க வீட்டுக்குள்ளயே திருடன் இருக்கான்.”

வக்கீலம்மாவுக்கு வெறுப்பாக இருந்தது. துப்பு துலங்கினால் சந்தோஷம் வரும் என்று சொன்னவன் எவனோ, அவனைக் கூட்டிவந்து இந்த மாடிப்படியில் நிற்கவைக்க வேண்டும் போலிருந்தது.

பதில் பிரிவு தரைத்தளத்தில், மோட்டார் அறைக்குப் பக்கத்தில். ஒன்பது மேஜைகள். பாதிப் பேர் இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். மீதிப் பேர் வந்த கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் வேலை போகப்போகிறது, ஆனாலும் கை சும்மா இருக்க மறுத்தது. வக்கீலம்மா வாசலிலேயே நின்று கவனித்தாள். உறையிலிருந்து கடிதத்தை எடுத்ததும் ஒவ்வொருவரும் செய்த முதல் காரியம், அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தது.

“அது என்ன பழக்கம்?” என்று பக்கத்து மேஜைக்காரரைக் கேட்டாள்.

“முன்பக்கத்துல புகார் இருக்கும் மேடம். மனசுல இருக்கறது பின்பக்கத்துக்குத்தான் வரும். இங்க சேந்த மொத நாளே இதைத்தான் சொல்லித் தருவாங்க.”

ஒன்பது பேரும் திருப்புகிறார்கள். ஒன்பதில் யார்? வக்கீலம்மா யோசித்தாள். பிறகு அறை முழுக்கக் கேட்கும்படி, சும்மா பேச்சுக்குச் சொல்வது போலச் சொன்னாள்.

“பழைய மில்லுக்குப் பின்னாடி, மூணாவது மாடி வீடு ஒண்ணு. மூணு நாளா தண்ணி இல்லைன்னு எழுதியிருந்தாங்களே. அங்க போயிட்டுத்தான் வர்றோம்.”

எட்டுத் தலைகள் நிமிர்ந்தன, மறுபடி குனிந்தன. அவர்களுக்கு அது ஆயிரத்தில் ஒரு வீடு. பரீட்சைக்குப் போன அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதச் சொல்லி அவர்களில் யாருக்கும் வேலை வரவில்லை.

மூலை மேஜையிலிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது.

“பெல் அடிக்கலையே நீங்க?”

கேட்டுவிட்டுத்தான் தான் என்ன கேட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது. ஐம்பது வயது, மூக்கு நுனியில் கண்ணாடி. தீப்பிடித்தாலும் பேனாவை மூடிவிட்டுத்தான் எழுந்திருப்பாள் என்று பிரிவில் அவளுக்கு வைத்த பெயர் நிதானம். அன்றைக்கும் பேனாவை மூடிவிட்டுத்தான் எழுந்தாள்.

காகிதக் கட்டுகள் அடுக்கிய சின்ன அறைக்கு அவளே அவர்களைக் கூட்டிப்போனாள். கதவைச் சாத்தினாள்.

“அவங்க அப்பா எப்படி இருக்கார்?”

வக்கீலம்மா நடந்ததைச் சொன்னாள். மணி அடித்ததை, அவர் விழுந்ததை. நிதானம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை.

“எங்களை வீட்டுக்கு அனுப்பறதுக்கான காகிதத்தை எங்களையே டைப் அடிக்கச் சொன்னாங்க,” என்றாள். “அறுபதும் என் ஒருத்தி மேஜைக்குத்தான் வந்தது, எல்லாத்தையும் படிச்சேன். மூணுலயும் ‘ஆ’தான் படுமோசம். அதோட இருபதைத் தூக்கிக் கிழிச்சுப் போட்டுட்டு, அந்த இடத்துல நான் இருபது எழுதி வச்சேன்.”

“எதுக்கு?”

“முடிவு சொல்ற கூட்டத்துல எங்களையும் உக்கார வைப்பாங்கன்னு நினைச்சேன். அப்ப எழுந்து நின்னு, ஐயா, நீங்க தொண்ணூத்தி நாலு போட்டது மெஷினுக்கு இல்ல, எங்க பிரிவுக்குன்னு சொல்லலாம்னு இருந்தேன். நாலு பேர் முன்னாடி சொன்னா மறுக்க முடியாதுல்ல?”

“ஏன் சொல்லல?”

“கூட்டமே நடக்கல. நோட்டீஸ் போர்டுல ஒட்டிட்டாங்க. மேல ‘ஆ’வோட மார்க். கீழ எங்க ஒன்பது பேர். அதுக்கப்புறம் சொன்னா மோசடின்னு ஒன்பது பேருக்கும் சேத்து எழுதிடுவாங்க. அப்படி எழுதிட்டா வேற எங்கயும் ஒருத்தருக்கும் வேலை கிடைக்காது. வாயை மூடிக்கிட்டேன்.”

அவள் மோசமாக எழுதியிருந்தால் ஒருவேளை பிரிவு பிழைத்திருக்கும். நன்றாக எழுதியதால் ஒன்பது பேர் வேலை போயிற்று. வக்கீலம்மாவுக்கு அவளைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

“அண்ணி,” என்றான் கொழுந்தன் மெல்ல, “வித்தவன் தலைல போட்டுடலாமே. எம்.டி.க்கும் அதுதான வேணும்? எல்லாருக்கும் நல்லது.”

வக்கீலம்மா அதை ஒரு நிமிஷம் நினைத்தும் பார்த்தாள். பொய் என்பது அவளுக்குத் தடையில்லை, கோர்ட்டில் அவள் பார்க்காத பொய்யா? ஆனால் நிதானம் தலையாட்டி மறுத்துவிட்டாள்.

“வேண்டாம். அந்த விக்கற ஆள் வீட்லயும் அடுப்பு எரியணும். நான் பண்ணினதை நானே சொல்லிடறேன். மத்த எட்டு பேருக்கு இது தெரியவே தெரியாது. அவங்களுக்கு ஏதாவது பண்ண முடியுமா?”

வக்கீலம்மா அங்கிருந்தே எம்.டி.க்குப் போன் போட்டாள். பெயரைச் சொல்லாமல் பேரம் பேசினாள். விற்றவர்கள் மேல் தப்பில்லை, உள்ளேயிருந்து ஒரே ஒரு ஆள், அவரே ஒப்புக்கொள்கிறார், ஆனால் மற்ற எட்டுப் பேரைத் தொடக்கூடாது. எம்.டி. கொஞ்சம் இழுத்தார். பிறகு இறங்கினார்.

“ஒருத்தர்தான்னா அவரை மட்டும் அனுப்பறேன். எட்டு பேரை மீட்டர் பிரிவுல போட்டுக்கறேன். என் வார்த்தை. ஆனா எனக்கு எழுத்துல வேணும். அஞ்சுக்குள்ள.”

நிதானம் ஒரு காகிதக் கட்டைப் பிரித்து ஒரு தாள் உருவினாள். ஒரு கடிதத்துக்கு ஒரு தாள்தான், அது அந்தப் பிரிவின் சட்டம். முப்பது வருஷமாக அதை மீறியதில்லை. உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். ஒருத்தி தன் வேலைக்குத் தானே கொள்ளி வைப்பதை உற்றுப் பார்ப்பது மரியாதை இல்லை என்று வக்கீலம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொழுந்தனையும் திருப்பினாள். பேனா ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. நின்றது. மறுபடி ஓடியது.

“இந்தாங்க,” என்றாள் நிதானம். தாளை நாலாக மடித்திருந்தாள். “தபால் பெட்டில போட வேண்டாம். நீங்களே கையில குடுங்க.”

வக்கீலம்மா பிரிக்கவில்லை. அடுத்தவர் கடிதம். நாலு மாடியும் அதை இரண்டு விரலில் பிடித்தபடியே ஏறினாள்.

எம்.டி.யின் அறையில் மணி நாலு நாற்பது. அவர் கடிதத்தை வாங்கி, பிரிக்காமலேயே உதவியாளரிடம் நீட்டினார். “ஸ்கேன் பண்ணி சிஸ்டத்துக்குள்ள போட்டுடு.” உதவியாளர் மடிப்பைப் பிரித்து வைத்ததும் ஸ்கேனர் தாளை இழுத்தது. ஸ்கேன் ஆன ரகசியக் காகிதம் எதுவும் வெளியே கிடக்கக்கூடாதாம், உதவியாளர் அதை எடுத்து நேரே பக்கத்திலிருந்த கிழிக்கும் இயந்திரத்தில் விட்டார். அது ரிப்பன் ரிப்பனாக இறங்கியது.

“நல்ல பசி போலிருக்கு,” என்றான் கொழுந்தன்.

எம்.டி. திரையைப் பார்த்தார். “பாருங்க, என்ன வேகம்! சுருக்கமும் குடுத்துடுச்சு, ஆர்டரும் போட்டுடுச்சு. எல்லாம் ‘ஆ’தான். கொஞ்சம் உளறினாலும் இதுல கெட்டி.” ஒரு பொத்தானைத் தட்டினார். “முடிஞ்சது. சரியா அஞ்சு மணிக்கு எல்லார் போனுக்கும் போயிடும்.”

“எல்லார் போனுக்குமா?” என்றாள் வக்கீலம்மா.

“ஒன்பது பேருக்கும். ‘பரீட்சைப் பதில்கள் இருபதும் பதில் பிரிவிலேயே எழுதப்பட்டவை என ஒப்புதல். ஒழுங்கீனத்துக்காகப் பிரிவினர் அனைவரும் நீக்கப்படுகிறார்கள்.’”

“ஒருத்தர்தான்னு சொன்னேனே! கடிதத்துலயும் இருக்குமே!”

“எங்க இருக்கு? காட்டுங்க.”

வக்கீலம்மா மேஜையைச் சுற்றிக்கொண்டு திரைக்கு ஓடினாள். நிதானமான கையெழுத்து. அறுபது பதில்கள் டைப்புக்கு வந்தது, ‘ஆ’வின் இருபதை எடுத்தது, வேறு இருபது வைத்தது, அவை இந்தப் பிரிவில் எழுதப்பட்டவை என்பது. எதற்காக என்பது. மழுப்பாமல் முறையாக எழுதியிருந்தாள். தாள் நிறைந்துவிட்டது. கடைசி வரிக்குக் கீழே, வலது மூலையில், சின்னதாக ஒரே ஒரு சொல் இருந்தது.

மறுபக்கம்.

அவள் திரும்பிக் கிழிக்கும் இயந்திரத்தைப் பார்த்தாள். கூடை நிறைய வெள்ளை ரிப்பன்.

“இன்னும் ஒரு பக்கம் இருந்தது சார். எட்டு பேருக்குத் தெரியாதுன்னு அதுலதான் எழுதியிருக்காங்க. பத்து நிமிஷம் குடுங்க, திரும்ப எழுதி வாங்கிட்டு வர்றேன்.”

“நீங்க சொன்னது காதுல விழுந்தது. எழுத்துல வந்தது இது.” எம்.டி.யின் குரலில் கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. “வித்தவன் மேல தப்பில்லைன்னு ஆயிடுச்சு. அது போட்ட நீக்க ஆர்டரை இப்ப ரத்து பண்ணினா, நான் வாங்கின மெஷின் தப்புப் பண்ணுதுன்னு நானே போர்டுக்கு எழுதிக்குடுத்த மாதிரி. அப்புறம் என் நாற்காலி? ஒண்ணு பண்ணச் சொல்லுங்க. மேல்முறையீடு எழுதட்டும். பதினஞ்சு நாள் டைம் இருக்கு.”

“அதை யார் படிப்பாங்க?”

எம்.டி. உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். “அதுக்குத்தானே ‘ஆ’வை வாங்கியிருக்கோம்? அந்தம்மா நல்லா எழுதறாங்கன்னு நீங்களே நிரூபிச்சுட்டீங்க. முப்பது வருஷப் பதில் நகல் அலமாரில கிடக்கு. எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி ‘ஆ’வுக்குப் படிக்கப் போட்டா அதுவும் அப்படியே எழுதக் கத்துக்கும். உங்களுக்கு ரொம்ப நன்றி.”

இருவரும் லிஃப்டில் இறங்கினார்கள். தரைத்தளம் வந்ததும் கொழுந்தன் ஒரே ஒரு வாக்கியம் சொன்னான். அதில் கேலி இல்லை.

“நாமளாவது திருப்பிப் பாத்திருக்கலாம் அண்ணி.”

அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். மத்தியானத்திலிருந்து ஊரெல்லாம் பின்பக்கம் பின்பக்கம் என்று அலைந்தவள், கையிலிருந்த தாளைத் திருப்பவில்லை.

வாசல் கேட்டை நோக்கி ஒன்பது பேரும் வந்துகொண்டிருந்தார்கள். எட்டுப் பேர் முகத்தில் மூன்று வாரமாக இல்லாத தெளிச்சி. நிதானம் அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். ஒருவர் மீட்டர் பிரிவில் ஜன்னல் ஓர மேஜை தனக்குத்தான் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். இன்னொருத்தி நிதானத்தின் பையைப் பிடுங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நிதானம் வக்கீலம்மாவைப் பார்த்ததும் தனியாக விலகி வந்தாள்.

“படிச்சாரா?”

கோர்ட்டில் எந்தக் கேள்விக்கும் வக்கீலம்மாவிடம் நாலு பதில் இருந்ததுண்டு. இதற்கு ஒன்றுதான் இருந்தது.

“முன்பக்கம் படிச்சார்.”

முப்பது வருஷம் கடிதம் படித்தவள், அவளுக்கு விளக்கிச் சொல்லத் தேவையிருக்கவில்லை. திரும்பி அந்த எட்டுப் பேரைப் பார்த்தாள். ஜன்னல் ஓர மேஜைக்காரர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். காவலாளி அறையின் சுவர்க் கடிகாரம் ஐந்தைத் தொட்டது. முதலில் அவருடைய சட்டைப் பையில்தான் போன் ஒலித்தது.